சோலார், காற்றாலை அப்ரண்டிஸ்: அரசுப் பணம் உங்கள் கணக்குக்கு வரும் வழி

எங்கள் தெருப் பையன் ஒருவன், ஐடிஐ எலக்ட்ரீஷியன் முடித்தவன். மாடியில் சோலார் மாட்டித் தரும் ஒரு கம்பெனியில் பதினொரு மாதம் ‘அப்ரண்டிஸ்’ ஆக இருந்தான். பேனல் தூக்கினான், கேபிள் இழுத்தான், மொட்டை மாடி வெயிலில் கறுத்தும் போனான். சான்றிதழ் கேட்டபோது லெட்டர்பேடில் நாலு வரி எழுதிக் கொடுத்தார்கள். அரசு இணையதளத்தில் அவன் பெயரைத் தேடிப் பார்த்தோம். இல்லை. அவனுக்காக அரசு ஒதுக்கிய பணத்தில் ஒரு ரூபாய்கூட அவனுக்கு வரவில்லை. வந்திருக்கவும் முடியாது, ஏனென்றால் ஒப்பந்தமே பதிவாகவில்லை.

இந்த வழிகாட்டி அந்தப் பதிவைச் சுற்றித்தான் போகிறது. சூரிய மின்சாரத்திலும் காற்றாலையிலும் தொழில் பழக நினைப்பவருக்கு அரசு பணம் தருகிறது. ஆனால் பதிவான ஒப்பந்தம் வழியாக மட்டும்தான் தருகிறது. ஒப்பந்த எண் இல்லையென்றால் சட்டத்தின் கண்ணில் நீங்கள் அப்ரண்டிஸ் இல்லை.

அரசு அறிவிப்புகளில் ‘தொழிற்பழகுநர்’ என்றுதான் போடுவார்கள். செய்தித்தாளில் அந்தச் சொல்லைப் பார்த்தால் தாண்டிப் போய்விடாதீர்கள். அது அப்ரண்டிஸ்தான்.

முதலில், பணம் யாருடையது?

எல்லாவற்றுக்கும் அடிப்படை 1961-ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டம். முப்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம், ஒப்பந்தத் தொழிலாளர்களையும் சேர்த்து, தன் ஆள்பலத்தில் இரண்டரை முதல் பதினைந்து சதவீதம் வரை அப்ரண்டிஸ்களை எடுத்தே ஆகவேண்டும். நான்கு முதல் இருபத்தொன்பது பேர் வரை உள்ள நிறுவனம் விரும்பினால் எடுக்கலாம். ஊர்ப்பக்கத்து சோலார் கம்பெனிகளில் பெரும்பாலானவை இந்த இரண்டாவது வகை. ‘எங்களுக்கு அதெல்லாம் பொருந்தாதுங்க’ என்று முதலாளி சொன்னால், அவருக்குக் கட்டாயம் இல்லை என்பது சரி. வழியே இல்லை என்பது சரியில்லை.

உதவித்தொகை இரண்டு திட்டங்களின் வழியாக வருகிறது. முதலாவது, 2016-இல் தொடங்கிய தேசிய அப்ரண்டிஸ் ஊக்குவிப்புத் திட்டம். ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து ‘நாப்ஸ்’ என்பார்கள். உதவித்தொகையில் 25 சதவீதத்தை, மாதம் ரூ.1,500-க்கு மிகாமல், மத்திய அரசு ஏற்கும். ஆரம்பத்தில் இந்தப் பணம் முதலாளிக்குத் திரும்பிப் போனது. 2023 ஆகஸ்ட் முதல் அப்ரண்டிஸின் வங்கிக் கணக்குக்கே நேராக வருகிறது. என் பார்வையில் இந்தத் திட்டத்தில் நடந்த மிக நல்ல மாற்றம் இதுதான்.

இரண்டாவது, டிப்ளமோ, பட்டம் முடித்தவர்களுக்கான தேசிய அப்ரண்டிஸ் பயிற்சித் திட்டம், சுருக்கமாக ‘நாட்ஸ்’. இது கல்வி அமைச்சகத்தின் திட்டம். இதை நடத்தும் தொழிற்பழகுநர் பயிற்சி வாரியத்தின் தென்மாநிலங்களுக்கான அலுவலகம் சென்னை தரமணியில் இருக்கிறது. இதில் அரசின் பங்கு பாதிக்குப் பாதி.

2019-இல் திருத்திய விதிகளின்படி குறைந்தபட்ச உதவித்தொகை மாதத்துக்கு இப்படி: பத்தாம் வகுப்பு முடித்தவருக்கு ரூ.6,000, ஐடிஐ முடித்தவருக்கு ரூ.7,000, டிப்ளமோவுக்கு ரூ.8,000, பட்டதாரிக்கு ரூ.9,000. இதை 36 சதவீதம் உயர்த்தலாம் என்று 2025 மே மாதம் மத்திய அப்ரண்டிஸ் கவுன்சில் பரிந்துரைத்தது. நீங்கள் கையெழுத்திடும் நாளில் எந்தத் தொகை நடைமுறையில் இருக்கிறதோ அது ஒப்பந்தத்தில் அச்சாகியிருக்கும், அதையே பாருங்கள். இவை குறைந்தபட்சம்தான், கூடுதலாகக் கொடுக்க எந்த முதலாளிக்கும் தடையில்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஐடிஐ முடித்தவருக்கு ரூ.7,000 என்றால் 25 சதவீதம் ரூ.1,750. உச்சவரம்பு ரூ.1,500 என்பதால் அரசு தருவது அவ்வளவுதான், மீதி ரூ.5,500 கம்பெனியின் கையிலிருந்து வரவேண்டும். டிப்ளமோ முடித்தவர் நாட்ஸ் வழியாகப் போனால் ரூ.8,000-இல் அரசு ரூ.4,000, கம்பெனி ரூ.4,000. அதே பையனை முதலாளி நாப்ஸில் சேர்த்தால் அரசுப் பங்கு ரூ.1,500-ஆகச் சுருங்கிவிடும், கம்பெனிக்குச் செலவு கூடும். ‘எந்தத் திட்டத்தில் சேர்க்கிறீர்கள் சார், நாப்ஸா நாட்ஸா?’ என்ற ஒரு கேள்வி, தயங்கும் முதலாளியைச் சம்மதிக்க வைத்ததை நான் பார்த்திருக்கிறேன். நாட்ஸ் இருப்பதே பல சிறு கம்பெனிகளுக்குத் தெரியாது.

படி 1: உங்கள் வாசலைத் தேர்ந்தெடுங்கள்

பத்தாம் வகுப்பு முடித்துவிட்டு இந்தத் துறைக்கு வர நினைப்பவருக்கு நான் சொல்வது ஒன்றுதான்: நேராக அப்ரண்டிஸ் ஆகாதீர்கள், ஐடிஐ-க்குப் போங்கள். ‘சோலார் டெக்னீஷியன்’ என்று ஓராண்டுப் பிரிவு இருக்கிறது. பெயர் கவர்ச்சியாக இருக்கும். இருந்தாலும் இரண்டு ஆண்டு எலக்ட்ரீஷியன் பிரிவையே எடுங்கள் என்பேன். எலக்ட்ரீஷியன் சோலாருக்கும் போகலாம், காற்றாலைக்கும் போகலாம், துணைமின் நிலையத்துக்கும் போகலாம். காற்றாலைப் பக்கம் மனம் இருந்தால் ஃபிட்டர் பிரிவும் நல்லது. கியர்பாக்ஸ், பேரிங், போல்ட் இறுக்கம் எல்லாம் அவர்கள் வேலை.

மாநில அரசின் பணம் இந்தக் கட்டத்தில்தான் வருகிறது. தமிழ்நாட்டில் அரசு ஐடிஐ மாணவருக்கு மாதம் ரூ.750 உதவித்தொகையும், சைக்கிளும், பஸ் பாஸும் உண்டு. அரசுப் பள்ளியில் படித்து வந்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ரூ.1,000, பையன்களுக்கு 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அதே தொகை. ஆக, படிக்கும்போது மாநிலம் கொடுக்கிறது, பழகும்போது மத்திய அரசும் முதலாளியும் கொடுக்கிறார்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் எதிர்பார்த்து ஏமாற வேண்டாம்.

டிப்ளமோ, பொறியியல் முடித்தவர்கள் நாட்ஸ் வாசல். ஒரு எச்சரிக்கை: படிப்பு முடிந்து ஓராண்டோ அதற்கு மேலோ எங்காவது வேலை பார்த்துவிட்டால் இந்த வாசல் மூடிவிடும். ‘கொஞ்ச நாள் வேலை பார்த்துவிட்டு அப்புறம் அப்ரண்டிஸ் போகலாம்’ என்ற யோசனை இங்கே எடுபடாது.

படி 2: இலவசக் குறுகிய பயிற்சி (முடிந்தால்)

இது கட்டாயமில்லை, ஆனால் ஐடிஐ-யில் சோலார் பேனலைக் கையால் தொடாதவர்களுக்குப் பெரிய உதவி. மத்திய புதுப்பிக்கத்தக்க ஆற்றல் அமைச்சகம் 2015-இல் தொடங்கிய ‘சூர்யமித்ரா’ பயிற்சி மூன்று மாதம், மொத்தம் 600 மணி நேரம். கட்டணமில்லை, தங்குமிடமும் சாப்பாடும் அதிலேயே சேர்த்தி. எலக்ட்ரீஷியன், வயர்மேன், ஃபிட்டர், எலக்ட்ரானிக்ஸ் மெக்கானிக் முடித்த 18 வயது நிரம்பியவர்களைத்தான் முதலில் எடுப்பார்கள். காற்றாலைக்கு ‘வாயுமித்ரா’. அதை நடத்துவது சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசிய காற்று ஆற்றல் நிறுவனம், நம்மூர்க்காரர்களுக்குப் பக்கத்திலேயே. இந்த வகுப்புகள் ஆண்டு முழுவதும் நடப்பதில்லை. பேட்ச் அறிவிக்கும்போதுதான் சேர முடியும். அதற்காகக் காத்திருந்து அப்ரண்டிஸ் இடத்தைக் கைவிடாதீர்கள்.

படி 3: காகிதங்களும் வங்கிக் கணக்கும்

சலிப்பான படி. ஆனால் பணம் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான்.

முதல் சிக்கல் இனிஷியல். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் ‘மு. கார்த்திக்’, ஆதாரில் ‘கார்த்திக் முருகன்’, வங்கிப் புத்தகத்தில் ‘கார்த்திக் மு’. நமக்கு மூன்றும் ஒரே ஆள். கம்ப்யூட்டருக்கு மூன்று பேர். இணையதளத்தில் பதிவு செய்யும் முன்பே ஆதாரையும் வங்கிக் கணக்கையும் மதிப்பெண் சான்றிதழோடு ஒத்துப்போகும்படி திருத்திக்கொள்ளுங்கள். ஒப்பந்தம் போட்ட பிறகு திருத்தக் கிளம்பினால் மாதக்கணக்கில் அலையவிடுவார்கள்.

அடுத்தது வங்கி. கணக்கில் ஆதார் எண்ணைச் சேர்த்துவிட்டேன் என்று பலர் நிம்மதியாக இருப்பார்கள். அரசுப் பணம் வர அது போதாது. அந்தக் கணக்கு ‘நேரடிப் பணப் பரிமாற்றத்துக்கு’ இணைக்கப்பட்டிருக்க வேண்டும். வங்கியில் ‘ஆதார் சீடிங்’ என்று கேட்டால் புரிந்துகொள்வார்கள், அதற்குத் தனிப் படிவம் உண்டு. இரண்டு மூன்று கணக்கு வைத்திருப்பவர் கவனிக்க: கடைசியாக எந்தக் கணக்கை சீடிங் செய்தீர்களோ அதற்குத்தான் பணம் போகும். பள்ளியில் படிக்கும்போது ஸ்காலர்ஷிப்புக்காகத் தொடங்கிய பழைய கணக்கில் அரசுப் பங்கு மாதாமாதம் விழுந்துகொண்டிருக்க, ‘பணமே வரவில்லை’ என்று அலைந்தவர்கள் உண்டு.

இணையதளத்தில் பதிவு முற்றிலும் இலவசம். ஐடிஐ, பள்ளிப் படிப்பு என்றால் ‘அப்ரண்டிஸ்ஷிப் இந்தியா’ தளம், டிப்ளமோவும் பட்டமும் என்றால் நாட்ஸ் தளம். பதிவுக்கு, சேர்க்கைக்கு, ‘டெபாசிட்’டுக்கு என்று யார் பணம் கேட்டாலும் எழுந்து வந்துவிடுங்கள். அசல் சான்றிதழ்களையும் யாரிடமும் விட்டு வைக்காதீர்கள். சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தரவேண்டியவை அவை.

படி 4: இடம் தேடுவது

இணையதளத்தில் தேடினால் இடங்கள் வரும், விண்ணப்பிக்கலாம். பதில் வராமலும் போகலாம். நேரில் போவதே பலன் தருகிறது. மாவட்ட அளவில் ‘பிரதம மந்திரி தேசிய தொழிற்பழகுநர் சேர்க்கை முகாம்’ நடக்கும், பெரும்பாலும் அரசு ஐடிஐ வளாகத்தில். உங்கள் மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தில் தேதி கேட்டு வையுங்கள். அந்த அலுவலகம் எங்கே என்று தெரியவில்லையா? பக்கத்து அரசு ஐடிஐ-யில் கேட்டால் போதும்.

எங்கே தேடுவது என்பதுதான் சுவாரசியமான பகுதி. இந்தத் துறையில் நான்கு விதமான இடங்கள் இருக்கின்றன, நான்கிலும் கற்கும் தொழில் வேறு.

பேனல் தொழிற்சாலைகள்: ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பிள்ளைப்பாக்கத்தில் ஃபர்ஸ்ட் சோலார், திருநெல்வேலி கங்கைகொண்டானில் டாடா பவரின் ஆலை. குளிர்ந்த, சுத்தமான தொழிற்சாலைக்குள் இயந்திரத்தோடு வேலை. ஷிப்ட் உண்டு, பஸ் உண்டு, கேன்டீன் உண்டு. ஆனால் வெளியே ஒரு வீட்டுக்கு சோலார் மாட்டும் வித்தை அங்கே கைவராது.

பெரிய சோலார் பூங்காக்கள்: ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் உள்ள 648 மெகாவாட் நிலையம் போன்றவை. தூத்துக்குடி, விருதுநகர்ப் பக்கமும் உண்டு. இன்வெர்ட்டர், டிரான்ஸ்ஃபார்மர், பராமரிப்பு என்று ஆழமாகக் கற்கலாம். வெயிலும் தனிமையும் அதிகம், தங்க இடம் யார் தருவது என்பதை முன்பே கேளுங்கள். பொதுத்துறையில் என்.எல்.சி. ஆண்டுதோறும் அப்ரண்டிஸ்களை எடுக்கிறது. நெய்வேலி என்றால் நிலக்கரி என்றுதான் நமக்கு நினைவு வரும், ஆனால் தமிழ்நாட்டில் ஆயிரம் மெகாவாட்டுக்கு மேல் சூரிய மின் நிலையங்களும் அவர்களுக்கு இருக்கின்றன.

காற்றாலை: ஆரல்வாய்மொழி, முப்பந்தல், கயத்தாறு, அப்புறம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பாயும் உடுமலைப்பேட்டைப் பக்கம். இங்கே சேர நேரம் முக்கியம். மே முதல் செப்டம்பர் வரை காற்று சீசன். அப்போது ஒவ்வொரு மணி நேரமும் காசு என்பதால் காற்றாலையை நிறுத்த மாட்டார்கள். பராமரிப்பைச் சீசனுக்கு முன்பே முடித்து வைப்பார்கள். அதனால் ஜனவரி, பிப்ரவரியில் சேர்ந்தவர் முதல் நான்கு மாதத்தில் எல்லாவற்றையும் கழற்றி மாட்டிப் பார்த்துவிடுவார். ஜூனில் சேர்ந்தவருக்கு ஆரம்பத்தில் பழுதுக்கு ஓடும் வேலைதான்.

கடைசியாக வீட்டு மாடி சோலார். 2024 பிப்ரவரியில் வந்த பிரதமரின் சூர்ய கர் திட்டத்துக்குப் பிறகு ஊருக்கு ஊர் கம்பெனிகள் முளைத்துவிட்டன. மூன்று கிலோவாட்டுக்கு ரூ.78,000 வரை மானியம் வீட்டுக்காரருக்குக் கிடைப்பதால் வேலைக்குப் பஞ்சமில்லை. ஒரே ஆண்டில், பேனலைத் தாங்கும் ஸ்ட்ரக்சர் முதல், வரும் மின்சாரத்தையும் திரும்பப் போகும் மின்சாரத்தையும் கணக்கிடும் நெட் மீட்டருக்கான விண்ணப்பம் வரை எல்லாம் கற்றுவிடலாம். பின்னாளில் தனியாகத் தொழில் செய்ய நினைப்பவருக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. பதிவில்லாத ‘அப்ரண்டிஸ்’ அதிகம் இருப்பதும் இங்கேதான். எங்கள் தெருப் பையன் கதை நினைவிருக்கட்டும்.

படி 5: ஒப்பந்தம்

முதலாளி தளத்தில் ஒப்பந்தத்தை உருவாக்குவார். உங்கள் கணக்கில் நுழைந்து நீங்கள் அதை ஏற்க வேண்டும். 18 வயது நிரம்பாதவருக்குப் பெற்றோர் கையெழுத்து தேவை. சில கம்பெனிகளில் ‘ஓடிபி சொல்லுப்பா’ என்று கேட்டு அவர்களே முடித்துவிடுவார்கள். சொல்லாதீர்கள். நீங்களே திறந்து, நிதானமாகப் படியுங்கள்.

பார்க்க வேண்டியவை: தொழிற்பிரிவின் பெயர் எலக்ட்ரீஷியன் என்று இருக்கிறதா, அல்லது சம்பந்தமில்லாத ஏதோ உதவியாளர் பிரிவா? ஐடிஐ எலக்ட்ரீஷியன் முடித்தவருக்குக் காலம் ஓராண்டு என்று இருக்கிறதா? மாத உதவித்தொகை எவ்வளவு? வேலை செய்யும் இடம் எது? இது சரியென்றால் ஏற்றுக்கொண்டு, ஒப்பந்த எண் உள்ள பக்கத்தைப் பதிவிறக்கி, ஒரு பிரதியை வீட்டுக்கும் அனுப்பிவிடுங்கள்.

உதவித்தொகையிலிருந்து பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடிக்கக் கூடாது. அப்ரண்டிஸ் சட்டப்படி சேர்ந்தவர் அந்த இரண்டுக்கும் வெளியே. அதே சமயம் வேலையில் அடிபட்டால் தொழிலாளிக்குத் தருவது போன்ற இழப்பீட்டை முதலாளி தந்தாக வேண்டும், அது சட்டத்தின் 16-ஆம் பிரிவு.

முடிந்ததும் வேலை கிடைக்குமா? முதலாளிக்கு அந்தக் கடமை இல்லை. ‘கட்டாயம் பெர்மனன்ட்’ என்று வாயால் சொல்வதை நம்பி முடிவெடுக்காதீர்கள்.

படி 6: அந்த ஓராண்டு

மூன்று விஷயம் சொல்கிறேன்.

ஒன்று, உயிர். வீட்டில் மெயினை அணைத்தால் கம்பி செத்துவிடும் என்று பழகிய எலக்ட்ரீஷியன், சோலாரில் அதே நினைப்போடு கை வைக்கக் கூடாது. பேனல் மீது வெயில் விழுந்துகொண்டிருக்கும்வரை டிசி பக்கம், அதாவது பேனலிலிருந்து இன்வெர்ட்டர் வரை, மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். வீட்டு மாடியிலேயே சில நூறு வோல்ட், பெரிய நிலையங்களில் 1,500 வோல்ட் வரை. ஓடும் மின்சாரத்தில் கனெக்டரைப் பிடுங்கினால் தீப்பொறி பாயும். ஓட்டின் ஓரத்தில் நிற்கும்போது இடுப்பில் பெல்ட் இல்லையென்றால் ஏற மாட்டேன் என்று சொல்லப் பழகுங்கள். காற்றாலையில் பழைய கோபுரங்களே முப்பது, நாற்பது மீட்டர். புதியவை நூறு மீட்டரைத் தாண்டும். உயரத்தில் வேலை செய்யும் பயிற்சி தராமல் ஏறச் சொன்னால் மறுக்கலாம். அது கோழைத்தனம் இல்லை.

இரண்டு, நோட்டு. தினமும் இரண்டு வரி எழுதுங்கள்: இன்று எந்த இடம், என்ன வேலை, மீட்டரில் என்ன அளவு வந்தது. தேர்வுக்கு அதுதான் பாடப்புத்தகம்.

மூன்று, கேபிள் சுமப்பது மட்டுமே வேலையாக மாதங்கள் ஓடினால் வாய் திறந்து கேளுங்கள். எர்த்திங் அளக்க, இன்வெர்ட்டர் அமைக்க, பிழைக் குறியீடு படிக்கக் கற்றுத்தரச் சொல்வது உங்கள் உரிமை. அதற்காகத்தானே அரசு உதவித்தொகையில் பங்கு கொடுக்கிறது.

படி 7: பணம் வராவிட்டால்

அடுத்த மாதம் பத்தாம் தேதிக்குள் உதவித்தொகை வந்துவிட வேண்டும் என்பது விதி. முதலாளி தன் பங்கைக் கட்டி, அதைத் தளத்தில் பதிந்த பிறகுதான் அரசுப் பங்கு நகரும். ஆகவே கம்பெனிப் பணம் வந்து அரசுப் பணம் மட்டும் வராவிட்டால், முதலில் ஆதார் சீடிங்கைப் பாருங்கள். அது சரியென்றால் கணக்குப் பிரிவில் ‘இந்த மாதம் அப்லோட் செய்தீர்களா?’ என்று கேளுங்கள். பாதிச் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும்.

தீரவில்லையா? உள்ளூர்க் கம்பெனி என்றால் மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகம். நான்கோ அதற்கு மேலோ மாநிலங்களில் இயங்கும் நிறுவனமோ மத்தியப் பொதுத்துறையோ என்றால் சென்னை கிண்டியில் உள்ள, மத்திய அரசின் திறன் மேம்பாட்டு மண்டல இயக்குநரகம். நாட்ஸ் ஆட்கள் தரமணி. எழுத்தில் கொடுங்கள், ஒப்பந்த எண்ணை முதல் வரியில் எழுதுங்கள். ஒப்பந்தத்தை முதலாளி மீறி, அதனால் அது முறிந்தால் மூன்று மாத உதவித்தொகையை இழப்பீடாகத் தரவேண்டும். நீங்கள் பாதியில் மீறிப் போனாலும் அதே அளவு உங்களிடம் வசூலிக்க இடமுண்டு. கோபத்தில் சொல்லாமல் நின்றுவிடாதீர்கள்.

முதலாளிகளுக்கு ஒரு பத்தி

ஆறு பேரை வைத்து சோலார் கம்பெனி நடத்துபவர் இதைப் படித்தால்: படி 3-இல் சொன்ன தளத்தில் நிறுவனமாகப் பதிந்து, இடத்தை அறிவித்து, ஆளைத் தேர்ந்து, ஒப்பந்தம் போட்டு, மாதாமாதம் வங்கி வழியாகப் பணம் கட்டிப் பதியவேண்டும். கையில் ரொக்கமாகக் கொடுத்தால் கணக்கில் வராது. மேலே போட்ட கணக்குப்படி ஐடிஐ பையனுக்கு மாதம் ரூ.5,500, பி.எஃப். பங்கு கிடையாது. பதியாமல் ஒரு பையனை ஏற்றிவிட்டு அவன் மாடியிலிருந்து விழுந்தால் ஆகும் செலவோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

படி 8: தேர்வும் சான்றிதழும்

எலக்ட்ரீஷியன் போன்ற அறிவிக்கப்பட்ட பிரிவுகளில் காலம் முடிந்ததும் அகில இந்தியத் தொழில் தேர்வு எழுதவேண்டும். அதில் தேறினால் தேசிய அப்ரண்டிஸ் சான்றிதழ், சுருக்கமாக ‘நாக்’. தேர்வு அறிவிப்பு வரும்போது உங்கள் பெயரைச் சேர்க்கச் சொல்லிக் கம்பெனியை நீங்கள்தான் நச்சரிக்க வேண்டும். பல இடங்களில் மறந்துவிடுவார்கள். நாட்ஸில் ஓராண்டு முடிந்ததும் தேர்ச்சிச் சான்றிதழ் வாரியம் வழியாக வரும்.

எங்கள் தெருப் பையன் இப்போது வேறொரு கம்பெனியில், இந்த முறை ஒப்பந்த எண்ணோடு, மறுபடி முதலிலிருந்து ஓராண்டு பழகுகிறான். போன மாதம் ரூ.1,500 வந்த குறுஞ்செய்தியை என்னிடம் காட்டினான். வந்தது அந்தப் பழைய ஸ்காலர்ஷிப் கணக்குக்குத்தான். சீடிங்கை மாற்ற அடுத்த நாளே வங்கிக்குப் போனான்.